கபித்தானுக்குக் காற்று

எங்கள் ஊர்ச் சந்தையில் முப்பத்தோரு வருடமாக மீன் வெட்டி விற்கிறவள் பேபாங். சர்ச் புத்தகத்தில் அவள் பெயர் ஹெனோவேவா. அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர் பாதிரியார் மட்டும்தான், கல்யாணத்தில் ஒரு முறை, புருஷனைப் புதைத்த அன்று ஒரு முறை. மற்ற எல்லாருக்கும் மனாங் பேபாங், அதாவது பேபாங் அக்கா. அவளிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் பிலிப்பைன்ஸில் எங்கள் லெய்ட்டே தீவிலேயே கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். அவள் வீட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்துப் பதினாறு வருடமாக அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறவன், என் சத்தியத்தை நம்பலாம்.

அவள் கையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கல்யாணமான புதிதில் மூன்று முறை கர்ப்பமானாள், மூன்றும் தங்கவில்லை. அதோடு ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது, பேபாங் கை பட்டது எதுவும் பிழைக்காது என்று. முதலில் அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, புருஷனுடைய அக்கா லூமிங்தான். அடுத்த வீட்டுக்காரி. பேபாங் நட்ட பப்பாளி பட்டுப்போனால் அவள் கை. பேபாங் வீட்டுக் கோழி செத்தால் அவள் கை. அந்த வருடம் ஊர்க் கோழி அத்தனையும் நோயில் செத்தன, அதை ஒருவரும் பேசவில்லை.

போன ஜூலையில் லூமிங்கின் பேத்திக்கு ஞானஸ்நானம் நடந்தது. விருந்துக்கு வேண்டிய மீன் அத்தனையும் சுத்தம் செய்து கொடுத்தது பேபாங்தான். சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தை கை மாறிக் கை மாறி வந்தது. என் கைக்குக்கூட வந்தது, விரலிடுக்கில் கிரீஸ் உள்ள கைக்கு. அடுத்து பேபாங் இரண்டு கையையும் நீட்டினாள். லூமிங் நடுவில் புகுந்து, "குழந்தைக்குத் தூக்கம் வருது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை முழித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பேபாங் நீட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதில் ஈரம் ஒன்றும் இல்லை.

இந்த ஊருக்கு அவள் சொன்ன பதில் அவளுடைய முன்னறையில் இருந்தது. கண்ணாடித் தொட்டி, அதில் தங்கமீன். ஒன்பது வருடத்துக்கு முன் திருவிழாவில் பிளாஸ்டிக் பையில் விற்ற விரல்நுனி அளவு மீன்களை ஆறு வாங்கி வந்தாள். விற்றவனே ஒரு வாரம் தாங்கும் என்றுதான் சொன்னானாம். இரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது இரண்டு போயின. மிச்சம் நாலும் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து நின்றன. பெரியதற்குக் கபித்தான் என்று பெயர். எங்கள் ஊர்த் தலைவரையும் நாங்கள் கபித்தான் என்றுதான் கூப்பிடுவோம், தொப்பையும் ஏறக்குறைய ஒன்றுதான். யார் வீட்டுக்கு வந்தாலும் பேபாங் முதலில் தொட்டிக்கு முன்னால் நிறுத்துவாள். "எண்ணிப் பாருங்க" என்பாள். நாலு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காப்பி.

அப்புறம் நவம்பரில் புயல் வந்தது. எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டதற்குக் கிறிஸ்துமஸுக்குள் என்று பதில் வந்தது. எந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் என்று யாரும் தைரியமாகக் கேட்கவில்லை.

நான் என் கடைத் தகரத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, பேபாங் வீட்டுக்குள்ளிருந்து சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குளிக்கிற குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் நின்றுபோனால் தங்கமீனுக்கு மூச்சு முட்டும். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் இத்தனையும். நூறு குவளை ஊற்றுவாள், உட்காருவாள், மீன் மேலே வந்து வாயைப் பிளந்ததும் மறுபடி நூறு. இரண்டு நாள் இப்படி ஓடியது. மூன்றாம் நாள் அவள் தோளைத் தூக்கவே முடியவில்லை.

தெருவுக்கு அது நல்ல வேடிக்கை. படகெல்லாம் உடைந்து கிடந்ததால் சந்தையில் மீன் இல்லை, நிவாரணமாக வந்த மத்தி டப்பாதான் மூன்று வேளையும். அந்த நேரத்தில் நாலு கொழுத்த மீனுக்கு ஒருத்தி மூச்சுக் கொடுக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? வாழ்நாள் முழுக்க மீனை வெட்டினவள் இப்போது பாவம் கழுவுகிறாள் என்றார்கள். எப்போ அடுப்பில் போடப் போகிறீர்கள், சோறு வடித்து எடுத்து வரட்டுமா என்றார்கள். லூமிங் மட்டும் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள், அதுவே போதும் என்கிற மாதிரி.

ஊர் மண்டபத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடியது, செல்போன் சார்ஜ் போட நீளமாக வரிசை. மூன்றாம் நாள் பேபாங், மீனைப் பக்கெட்டில் அங்கே கொண்டுவந்து காற்று விடலாம் என்ற கணக்கில், கையளவு காற்று மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்ததும் ஊர்த் தலைவர் மோட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீனுக்கு கரண்டா? ஊரே மத்தி டப்பா தின்னுது. பேசாம பொரிச்சு எடுத்துட்டு வாங்க மனாங், ஆளுக்கு ஒரு துண்டு வரும்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும். பேபாங் மோட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன் கபித்தான். தொப்பையப் பார்த்து வச்சது. பொரிச்சா எண்ணெய்தான் மிஞ்சும்."

இப்போது மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இனிமேல் ஒருத்தன் கிட்டயும் கரண்ட் கேட்க மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் வந்த எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. கரண்ட் எதுக்கு மனாங், ஜீப் ட்யூபில் காற்று அடித்துத் தொட்டிக்குள் விட்டுவிடுங்கள் என்று நக்கலாகச் சொல்லிவைத்தேன். அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேரே வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ட்யூபை எடு, டோங்."

டோங் என்றால் தம்பி. வேடிக்கையாகச் சொன்னேன் மனாங் என்று இழுத்தேன். தெரியும், நீ வேடிக்கையாகச் சொன்னதைத்தான் நான் செய்யப் போகிறேன், உன்னால் முடியாதென்றால் சொல், பக்கத்து ஊரில் ஒரு பஞ்சர்காரன் இருக்கிறான் என்றாள். அதற்கு மேல் எனக்கு ரோஷம் வராதா? இருந்ததிலேயே பெரிய ஜீப் ட்யூபாகப் பார்த்து எடுத்தேன். வால்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட வழி வேண்டும், அதுதான் சிக்கல். பேபாங் நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸிடம் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன உருளை இருக்குமே, அதைத் திருகினால் காற்றும் அளவாகத்தான் வரும். ட்யூபை அவள் முன்னறையில் கிடத்தி, கால் பம்பால் அடித்து, குழாயை மாட்டி, மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டோம். குமிழி வந்தது. மெல்லிசாக, ஆனால் விடாமல் வந்தது. கபித்தான் மூலையிலிருந்து நகர்ந்து வந்து அந்தக் குமிழிக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

பேபாங் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவள் சந்தோஷம் அப்படித்தான் வரும்.

ஒரு தடவை அடித்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அப்புறம் மறுபடி அடிக்க வேண்டும். கூரை ஒழுகுகிற வீட்டில், ஐம்பத்தேழு வயதில், அந்தப் பொம்பளை பகலும் இரவும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்பை மிதித்தாள். முதல் நாளே மீனுக்குத் தீனியை நிறுத்தியிருந்தாள். பட்டினி கிடந்தால் தங்கமீன் சாகாது, தின்றால்தான் தண்ணீர் கெடும். இதையெல்லாம் ஒன்பது வருடத்தில் தானாகக் கற்றுக்கொண்டவள்.

ஒன்பதாம் நாள் முதல் படகு கரை சேர்ந்தது. மீன் வந்தால் பேபாங் சந்தையில் இருந்தாக வேண்டும். நான் சாலையில் ஒரு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய், லூமிங்கிடம் பம்பை மிதிக்கச் சொல்லிக் கேட்டாள். முப்பது வருடத்தில் அவள் லூமிங்கிடம் கேட்ட முதல் உதவி என்று நினைக்கிறேன். லூமிங் சரி என்றாள்.

லூமிங் பம்பைச் சரியாகத்தான் மிதித்தாள், அதில் குறை சொல்ல முடியாது. மத்தியானம் தட்டில் சோறும் மத்தியும் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் தட்டைத் தொடுகிறவர் எதிரே யார் இருந்தாலும், "வாங்க சாப்பிடுவோம்" என்று சொல்லாமல் வாயில் வைக்க மாட்டார். தெருவில் போகிற அந்நியனைக்கூடக் கூப்பிடுவோம். பசித்த வாய் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது எங்களுக்கு முடியாத காரியம். அந்த நேரம் பார்த்து ட்யூபில் அடித்த காற்று குறைய, நாலு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றுக்குப் போதாதது காற்று. லூமிங்குக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு காரணம்தான். ஒன்பது நாள் பட்டினி, பாவம், இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று திட்டிக்கொண்டு, தன் தட்டில் பாதியைப் பிசைந்து தொட்டியில் போட்டுவிட்டாள். மத்தி எண்ணெயோடு.

பேபாங் வந்தபோது தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது. மூன்று மீன் வயிறு மேலே தெரிய மிதந்தன. கபித்தான் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் மட்டும் லேசாக அசைந்தது. நான் லாரியை விட்டுவிட்டு ஓடினேன். பாதித் தெரு வாசலில் கூடிவிட்டது. லூமிங் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

இன்றைக்குத் தெரு கிழியப் போகிறது என்று நினைத்தேன். முப்பது வருடக் கடன், வட்டியோடு வாங்கிவிடலாம். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். பேபாங் செத்த மூன்றையும் எடுத்து ஒரு துணியில் வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுதாள், மறைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கெட்டைத் தேடினாள்.

லூமிங்தான் வாயைத் திறந்தாள்.

"என் கைதான் பேபாங். என் கைதான் கொன்னுச்சு."

பேபாங் வெடுக்கென்று திரும்பினாள். அந்தக் குரலை நான் சந்தையில்கூடக் கேட்டதில்லை.

"இந்த வீட்டுல யாரும் கையைக் குத்தம் சொல்லக் கூடாது. முப்பது வருஷம் நான் கேட்டாச்சு, போதும். கொன்னது சோறு மனாங். சோறும் எண்ணெயும். கை இல்ல. உன் கையும் இல்ல, என் கையும் இல்ல. புரியுதா?"

லூமிங் தலையை ஆட்டினாள்.

"புரிஞ்சா அந்த பக்கெட்டை எடு. ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு."

ஊர் அடிபம்பு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது, நல்ல தூரம். அறுபது தாண்டிய லூமிங் அன்று அங்கேயும் இங்கேயும் பதினோரு நடை நடந்தாள். நானும் நடந்தேன். வாசலில் வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் பக்கெட்டோடு வந்தார்கள், சிலர் நைசாக நழுவினார்கள். பாதித் தண்ணீரை மாற்றினோம், அடியில் கிடந்த சோற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். பேபாங் ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு, கபித்தானைக் குமிழிக்கு நேரே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை மரத்துப்போகும், மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். இந்தக் கையேதான் பிடிக்க வேண்டும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் கபித்தான் நிமிர்ந்தது. கோணல்மாணலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தொப்பையைத் தூக்கிக்கொண்டு குமிழிக்குப் போனது. அதற்கப்புறம் பம்புக்கு முறை போட்டார்கள். பகலில் லூமிங் மிதிப்பாள், பேத்தியைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு. பேபாங் சந்தையிலிருந்து வந்ததும் மாற்றிக்கொள்வாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அது பம்பைப் பற்றி, அல்லது என் ட்யூபில் எங்கே ஓட்டை என்பதைப் பற்றி. பதினாறு வருடத்தில் நான் ஒட்டிய ஒட்டைப் பற்றி அத்தனை புகார் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் ஊர்த் தலைவர் ஆளனுப்பினார். விஷயம் கேள்விப்பட்டாராம், தினமும் அரைமணி நேரம் ஜெனரேட்டரில் மோட்டார் போட்டுக்கொள்ளலாமாம். பேபாங் பம்பை மிதித்தபடியே, எங்கள் வீட்டுக் கபித்தான் வேண்டாம் என்கிறார், அவருக்கு ரோஷம் அதிகம் என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஆள் அதை அப்படியே போய்ச் சொன்னானா தெரியாது. ஜெனரேட்டர் பக்கம் அவள் போகவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும், கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல். நாலாவது வீட்டில் அதற்குள் பாட்டுப் பெட்டியை அலற விட்டுவிட்டார்கள், புயலுக்கு முன்னால் பாதியில் நின்ற அதே பாட்டு. என் கம்ப்ரசர் உறுமியது, எனக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு கூட்டம் பேபாங் வீட்டுக்கு ஓடியது, தொட்டி மோட்டாரும் வடிகட்டியும் ஓடுவதைப் பார்க்க. சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். லூமிங் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றாள்.

பேபாங் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். போடு போடு என்று எல்லாரும் கத்தினார்கள். மாட்டேன் என்றாள். பித்துப் பிடித்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். அவள் தொட்டிக்குப் பின்னால் தொங்கிய வடிகட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பத்தொன்பது நாள் ஓடாமல் உள்ளே தேங்கிய தண்ணீரின் நாற்றம் முன்னறையை நிறைத்தது. பின்னால் நின்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சுவிட்சைப் போட்டிருந்தால் அந்த விஷம் முழுக்கத் தொட்டிக்குள் பாய்ந்திருக்கும். இரண்டு வருடம் முன்னால் செத்த இரண்டு மீனும் அப்படித்தான் செத்தன. கரண்ட் போனதில் தப்பித்தவை, கரண்ட் வந்ததில் செத்தன. அதற்காகத்தான் முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

பெட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரியெல்லாம் பம்பை மிதித்துக் களைத்தவளால் கொக்கியை விடுவிக்க முடியவில்லை. லூமிங் இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பொறுக்கவில்லை.

"தள்ளு, நான் கழுவுறேன். நீ இவளைப் பிடி."

குழந்தையைப் பேபாங்கின் நெஞ்சில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுப் பெட்டி தூரத்தில் அலறிக்கொண்டிருந்தது. பேபாங் அசையாமல் நின்றாள். பிறகு ஒரு கை குழந்தையின் முதுகுக்குப் போனது, மற்றது தலைக்கடியில் போனது.

விவரம் தெரியாத ஒருத்தன் பின்னாலிருந்து மறுபடி கத்தினான், சீக்கிரம் சுவிட்சைப் போடுங்க மனாங், கரண்ட் திரும்பப் போயிடப் போகுது என்று.

"போனா போகட்டும்," என்றாள் பேபாங். "பத்தொன்பது நாள் நான் அதுக்குக் காத்திருந்தேன். அரைமணி நேரம் அது எனக்குக் காத்திருக்கட்டும்."

நான் கடைசியாக ஒரு தடவை ட்யூபுக்குக் காற்றடித்தேன். கொல்லையில் லூமிங் பெட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது, முழுசாக அரைமணி நேரம் தேய்த்தாள். அதற்குள் குழந்தைக்கு நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது. பேபாங்கின் தோளிலேயே தூங்கியது.